இருபது வகுப்புக்கு ஒரு மதினி

மூச்சை விடச் சொன்னால் உலகம்மை ஊர்க்கதையை விட்டாள்.

"மூச்சை இழுங்க மதினி. விலா ரெண்டு பக்கமும் விரியட்டும். இப்பம் வாய் வழியா பைய விடுங்க."

"விடுதேன், விடுதேன். சன்னதித் தெருவுல நேத்து ஒரு கூத்து நடந்துச்சு, கேட்டியாளா? அந்த மாவு மில்லுக்காரன் மவன் இருக்காம்லா..."

"மூச்சு, மதினி."

"மூச்சு விட்டாத்தானளா பேச முடியும்? பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்."

கோமு பல்லைக் கடித்தாள். பிலாட்டீஸ் உடற்பயிற்சி டீச்சர் பல்லைக் கடிக்கக் கூடாது, தாடையைத் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. பாடம் எழுதிய புண்ணியவான்களுக்குக் கல்லிடைக்குறிச்சியில் நாத்தனார் கிடையாது.

பதினாலு வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்தவள் கோமு என்கிற கோமதி. நாற்பத்தோரு வயதில், கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. இரண்டு பேர் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். மாத்திரை, பெல்ட், எண்ணெய் என்று எல்லாம் பார்த்து, கடைசியில் ஒரு பிசியோதெரபிப் பெண் தரையில் பாயை விரித்துப் படுக்கவைத்து, "உங்க முதுகெலும்பை ஒவ்வொரு கண்ணியாக் கீழ இறக்குங்க" என்றாள். அப்படி இறக்க முடியும் என்பதே கோமுவுக்குப் புதுச் செய்தி. இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டில் ஒரு அறை இருப்பதே தெரியாமல் இருந்துவிட்டோமே என்று அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. ஆறு மாதத்தில் தண்ணீர்க் குடம் தூக்கினாள். ஏழாவது மாதம் வேலையை விட்டுவிட்டு, பிலாட்டீஸ் டீச்சராவது என்று கோயம்புத்தூர் மேடம் ஒருத்தி போனில் நடத்திய படிப்பில் சேர்ந்துவிட்டாள்.

அவள் புருஷன் முத்துசுப்பிரமணியனுக்குக் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பொறுப்பு. விடியும் முன்னே கம்பெனி பஸ் ஏறுகிறவர்.

"பாயில படுத்து உருளுததுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டாக்கும்! நல்லாத்தான் இருக்கு," என்றார். அதற்குமேல் அவர் தடுக்கவில்லை. தடுக்காமலேயே தினமும் ஒரு தடவை அதைச் சொன்னார்.

சர்ட்டிபிகேட் சும்மா கிடைக்காது. ஒரே ஆளுக்கு இருபது வகுப்பு எடுக்க வேண்டும். முதல் நாள் எப்படி இருந்தார், இருபதாம் நாள் என்ன மாறியிருக்கிறது என்று எழுத வேண்டும். ஆடி மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கூடப் படிக்கிற பதினோரு பேர் முன்னால் போன் திரையில் சொல்ல வேண்டும். மாற்றம் இல்லை என்றால் சர்ட்டிபிகேட்டும் இல்லை.

தெருவில் ஏழு பேரைக் கேட்டாள். ஒருத்திக்கு விரதம், ஒருத்திக்கு நேரமில்லை, ஒருத்தி வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிக்காது. மிஞ்சியது முத்துசுப்பிரமணியனின் அக்கா உலகம்மை. ஐம்பத்தெட்டு வயது. புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்து, முன்பக்கத் தாழ்வாரமான தார்சாவில் கூலிக்கு இரண்டு பெண்களை வைத்து அப்பளம் போடுகிறாள். கேட்க வாயெடுத்ததுமே "நான் வாறேன்" என்றுவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டபோதே கோமுவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் நாள் நிரப்ப வேண்டிய தாளில் பதினாலு கேள்வி. ரத்த அழுத்தம் உண்டா, எலும்பு முறிந்ததுண்டா என்று எட்டு கேள்வியைக் கேட்டு எழுதினாள். ஒன்பதாவது, இருமினால், தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறதா என்பது. புருஷனுடைய அக்காவிடம் இதை எந்த வாயால் கேட்பது? 'இல்லை' என்று தானே போட்டுவிட்டு பத்தாவதுக்குப் போனாள்.

பிறகு நேரத்தகராறு. அப்பள மாவு காலையிலேயே இடித்தாக வேண்டும். உளுந்து மாவில் பிரண்டைச் சாறும் அப்பளக் காரமும் சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தொட்டு இடித்து, உருட்டி, கிள்ளி, பலகையில் தேய்த்து, பின்கட்டு நிழலில் உலர்த்தி முடிக்கச் சாயங்காலம் ஐந்தாகிவிடும். காப்பி குடித்துவிட்டு உலகம்மை வந்து உட்காரும்போது ஆறு.

"படுங்க மதினி."

"எப்பிடிப் படுக்க? விளக்கு வைக்கிற நேரம். பொம்பளை காலை நீட்டிப் படுத்தா வீடு வெளங்குமா?"

"அஞ்சு நிமிசந்தான்."

"லச்சுமி வாசல்ல வந்து பாக்க அஞ்சு நிமிசம் எதுக்கு? ஒரு நிமிசம் போதும்."

காப்பியை வகுப்புக்குப் பிறகு தள்ளிவைத்து, ஐந்தேகாலுக்கு ஆரம்பிப்பது என்று சமாதானமானது. அதிலும் வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது. தெற்கே தலைவைத்தால் கால் சாமி அலமாரியைப் பார்க்கும். கிழக்கு மேற்காகப் படுக்க நடுக்கூடமான பட்டாசலின் அகலம் போதாது. கடைசியில் உலகம்மை மூலைக்கு மூலை கோணலாகப் படுத்தாள். வகுப்புக்கு வகுப்பு அனுப்ப வேண்டிய வீடியோவில் ஒருநாள் தலை இருக்காது, ஒருநாள் கால் இருக்காது. "உங்க மாணவிக்கு முழங்காலுக்குக் கீழே என்ன நடக்குதுன்னு தெரியலைங்களே" என்று மேடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை என்று கோமு பதில் எழுதிப் பிறகு அழித்தாள்.

அவள் நோட்டில் எழுதியவை எல்லாம் ஒரே ராகம். வகுப்பு ஆறு: மாற்றம் இல்லை. வகுப்பு ஒன்பது: மாற்றம் இல்லை, பேச்சு மட்டும் கூடியிருக்கிறது. வகுப்பு பதினொன்று: சாரலுக்கு அப்பளம் காயவில்லை என்று பாதியில் எழுந்து போய்விட்டார்.

ஆனி பிறந்ததும் மலையிலிருந்து காற்றும் சாரலும் இறங்கிவிட்டன. வெயில் பத்து நிமிஷம் முகம் காட்டும், அப்பளத் தட்டை வெளியே எடுத்ததும் தூறும். தார்சாவில் மூன்று பெண்கள் ஆளுக்கொரு பலகையோடு உட்கார்ந்து, ஈர அப்பளத்தையும் வானத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த எரிச்சல் போதாதென்று தேனி விவகாரம் வேறு.

உலகம்மையின் ஒரே மகள் மீனு தேனியில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாள். அசையக் கூடாது, பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். மாமியார் இல்லாத வீடு. அம்மாதான் போய்ப் பார்க்க வேண்டும். உலகம்மை போகவில்லை. முதலில் அப்பள ஆர்டர் என்றாள். பிறகு முழங்கால் என்றாள். பஸ் வாடை ஆகாது என்றாள்.

"கார் வச்சுத் தாறேன்க்கா. வாசல்ல ஏறி வாசல்ல இறங்கு," என்றார் முத்துசுப்பிரமணியன்.

"கார்ல எனக்குக் கொமட்டும்."

"அப்பம் என்ன செய்யச் சொல்லுத? பல்லக்கு கொண்டாரவா?"

"ஏம்லே, ஒனக்கு நான் பாரமா இருக்கேனா? அதான் தள்ளி விடப் பாக்கியா?"

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு கோமுவைப் பார்த்தார். கோமு என்ன செய்வாள்? அந்த அம்மாளை மூச்சு விடவைக்கவே அவளால் முடியவில்லை.

பதினேழு வகுப்பு முடிந்தது. பதினெட்டாவதுக்குக் கோமு பாயை விரித்துவிட்டுக் காத்திருந்தாள். ஐந்தேகால் ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. தார்சாவுக்குப் போய்ப் பார்த்தால் உலகம்மை மாவுப் பலகையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக இருக்கிறாள். கூலிப் பெண்கள் போய்விட்டிருந்தார்கள்.

"மதினி, வரலையா?"

"இனி வேண்டாம்ளா. எனக்கு ஆயிட்டு."

"என்ன ஆயிட்டு?"

"ஆயிட்டுன்னா ஆயிட்டு. நீயும் கஷ்டப்படாண்டாம், நானும் படாண்டாம்."

அன்றைக்குக் காலையில்தான் மீனு போனில் அழுதிருந்தாள். 'அத்தை, எங்கம்மாவுக்கு என் மேல என்ன கோவம்?' என்று கேட்டாள். அதுவும் இதுவும் சேர்ந்து கோமுவுக்குத் தலைக்கேறியது.

"இன்னும் மூணே மூணு வகுப்பு மதினி! ரெண்டு மாசமா ஒங்க பின்னாலயே நடக்கேன். விளக்குன்னிய, நேரத்தை மாத்துனேன். வடக்குன்னிய, கோணலாப் போட்டேன். ஒரு நாளாவது நான் சொன்னதை ஒழுங்காச் செஞ்சிருக்கியளா? பெத்த மவ பேறுகாலத்துக்கும் போவ மாட்டேங்கிய, எனக்கு மூணு நாள் வரவும் மாட்டேங்கிய. ஒங்களுக்கு யார் மேலதான் பிரியம்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. உலகம்மை துடைப்பதை நிறுத்தினாள். பதிலுக்கு ஊரைக் கூட்டுவாள் என்று கோமு எதிர்பார்த்தாள். அவள் கையால் தரையைத் தட்டினாள்.

"இங்கன உக்காரு."

கோமு உட்கார்ந்தாள்.

"மீனு பொறந்ததுலேர்ந்து எனக்கு அடியில நிக்காது," என்றாள் உலகம்மை, பலகையைப் பார்த்துக்கொண்டே. "தும்முனாப் போச்சு. இருமுனாப் போச்சு. யாராவது சிரிக்க வச்சாலும் போச்சு. எந் தங்கச்சி கல்யாணத்துல நான் ஏன் பந்திக்கு வரலைன்னு எங்கம்மா சாவுத வரைக்கும் சொல்லிக் காட்டுனாவள்லா? பட்டுச்சேலை நனைஞ்சு ஒரு ரூமுக்குள்ள நின்னேன்."

கோமு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு வருசத்துக்கு முந்தி பாபநாசத்துலேர்ந்து பஸ்ல வாறேன். ஒரு பள்ளத்துல தூக்கிப் போட்டான். சீட்டெல்லாம் ஈரம். எறங்கும்போது கண்டக்டர் பயல் பாத்துட்டான். தண்ணி பாட்டில் கொட்டிட்டுன்னு சொன்னேன். எங்கையில பாட்டிலே இல்ல கோமு. அவன் ஒண்ணும் சொல்லல. தலையக் குனிஞ்சுக்கிட்டான். அன்னைக்கோட பஸ் ஏறலை. காருன்னா மட்டும் என்ன, அடுத்தவன் சீட்டுதானே?"

"டாக்டர்ட்ட..."

"யார்ட்ட சொல்ல? எந் தம்பிட்டயா, கூட்டிட்டுப் போடான்னு?"

மழை ஓட்டில் சடசடவென்று விழுந்து நின்றது. கோமுவுக்கு ஒன்பதாவது கேள்வி ஞாபகம் வந்தது. தன் கையால் போட்ட 'இல்லை'. அவமானமாக இருந்தது.

"நீ போன்ல பாடங் கேக்கும்போது நான் இங்கன தேய்ச்சுக்கிட்டு இருப்பேன்லா? அந்த மேடம் சொன்னாவ, பிள்ளை பெத்தவளுக்கு அடியில தசை தொஞ்சு போவும், அதைத் திரும்ப ஏத்தலாம்னு. நீ கேட்டதும் வந்தது அதுக்குத்தான். ஒனக்கு உபகாரம் பண்ண வந்தேன்னா நினைச்சே?"

"பொறவு ஏன் மதினி ஒண்ணுமே செய்யலை?"

"யாரு செய்யலை? நாலாவது வகுப்புல நீ மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு வெரசாச் சொன்னே. மூச்சை விடும்போது, ஒண்ணுக்கை அடக்குத மாதிரி கீழேர்ந்து மேல தூக்குங்க, பொறவு விட்டுருங்கன்னு. மத்த கண்றாவி எல்லாம் எனக்கெதுக்கு? அதைப் பிடிச்சுக்கிட்டேன். ஒரு அப்பளம் தேய்க்கும்போது ஒரு தடவை தூக்குவேன். அடுத்ததை எடுக்கும்போது விட்டுருவேன்."

"ஒரு அப்பளத்துக்கு ஒண்ணா? ஒரு நாளைக்கு எத்தனை அப்பளம் போடுதிய?"

"முந்நூறு இருக்கும். சாரல்னா எரநூறு."

"முந்நூறா!" கோமு கத்தியேவிட்டாள். "பத்து, மதினி! பத்து செஞ்சுட்டு ஓய்வு கொடுக்கணும்! முந்நூறு செஞ்சா தசை என்னத்துக்கு ஆவும்?"

"நீ எண்ணிக்கை சொல்லலையே. மூஞ்சியத் திருப்புதவளுக்கு எண்ணிக்கை எங்க ஞாபகம் வரும்?"

உலகம்மை குரலைத் தாழ்த்தினாள்.

"போன வெள்ளிக்கிழமை மிளகு அப்பளம் போட்டம்லா? மிளகு இடிச்சாலே நான் பின்கட்டுக்குப் போயிருவேன். நெடி ஆகாதுன்னு சொல்லுவேன், வேலைக்குக் கள்ளம்னு நம்ம கூலிக்கு வார பேச்சித்தாய் சொல்லுவா. அன்னைக்குப் போவலை. என்ன ஆவும்னு பாப்போம்னு இருந்தேன். மூணு தும்மல் கோமு, அடுக்கடுக்கா. ஒரு சொட்டு இல்ல." அவள் கண் நிறைந்துவிட்டது. "முப்பது வருசத்துல மொதத் தடவை, மூணு தும்மலை முழுசாத் தும்முனேன்."

கோமு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாவு அப்பிய, தேய்த்துத் தேய்த்துக் காய்த்த கை. மனசு நிறைந்து வந்தது. அதே மனசின் இன்னொரு மூலையில், இதைவிடப் பெரிய மாற்றத்தை அந்தப் பதினோரு பேரில் யாரும் காட்டப்போவதில்லை என்ற எண்ணமும் ஓடியது. அது உலகம்மைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இதை எங்கயும் எழுதப்படாது. சத்தியம் பண்ணு."

"மதினி, பேரு போடாம..."

"நான்தானே ஒம் பக்கத்துல உக்காரப் போறேன்? பேரு எதுக்கு, மூஞ்சி இருக்கே. ஒங்கூடப் படிக்குத அந்த எப்சி டீச்சர் இருக்கா. அவ அக்காவைக் கட்டிக்கொடுத்தது ரெண்டு தெரு தள்ளி. நீ வாய் மூடுததுக்குள்ள இங்க வந்து சேந்துரும். சத்தியம் பண்ணுளா."

பண்ணினாள். மிச்சம் மூன்று வகுப்பும் நடந்தன. இந்த முறை பத்துக்குப் பத்து என்று எண்ணிக் கொடுத்தாள். உலகம்மை பேசாமல் மூச்சு விட்டாள். அம்பாசமுத்திரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று சொன்னதற்கு மட்டும் "பாப்போம், பாப்போம்" என்றாள். கோமு நான்கு தடவை அறிக்கையை உண்மையாக எழுதினாள், நான்கு தடவையும் கிழித்தாள். சத்தியம் வாங்கியவள் மேல் வந்த கோபத்தில் இரண்டு நாள் குழம்புக்கு உப்பு போட மறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, மதினியும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். பாளையங்கோட்டையில் பி.டி. டீச்சராக இருக்கும் எப்சி முதலில் தன் அம்மாவைக் காட்டினாள். இருபது வகுப்புக்கு முன் தோளுக்கு மேல் கை தூக்க முடியாதவர், இப்போது எட்டி மேல் பலகையிலிருந்து டப்பாவை எடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தது கோமு.

"குனிஞ்சு தரையைத் தொடறது?" என்று மேடம் கேட்டாள்.

"முன்ன மாதிரிதான் மேடம்."

"ஒத்தைக் கால்ல நிக்கறது?"

"அதுவும் அப்படித்தான்."

"இருபது வகுப்புல ஒரு மாற்றமும் இல்லைங்களா கோமதி?"

ஒரு வாக்கியம் போதும். அவள் விழுங்கிக்கொண்டாள்.

"சொல்லும்படியா ஒண்ணும் இல்லை மேடம்."

உலகம்மை சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. உங்க உடம்புல ஏதாவது வித்தியாசம் தெரியுதுங்களா?"

உலகம்மை அத்தனை கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள்.

"நாளைக்கு நான் தேனிக்குப் போறேன்," என்றாள். "பஸ்ல."

"சந்தோசம்ங்க. நான் உடம்பைப் பத்திக் கேட்டேன்."

"அதைத்தாம்மா சொல்லுதேன். தென்காசி, ராஜபாளையம், தேனி. ஆறு மணி நேரம். ஜன்னலோரம் உக்காந்து போறேன். எம் மவளுக்குப் பேறுகாலம்."

யாரோ ஒரு கட்டத்தில் சிரித்தார்கள். எப்சி புரியாமல் பார்த்தாள். மேடம் பொறுமையாக, வேறு ஒருவரை வைத்து மறுபடி இருபது வகுப்பு எடுத்துவிட்டு வரச் சொன்னாள். கோமுவுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. தேனிக்குப் போவது அவளுக்கும் அப்போதுதான் தெரியும்.

போனை அணைத்ததும் உலகம்மை கேட்டாள், "பெயிலாக்கிட்டாவளா?"

"ஆமா."

"என்னாலதானே?"

"ஒங்களாலதான்," என்றாள் கோமு. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சர்ட்டிபிகேட் வந்தால்தான் டீச்சர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது வராத அன்றைக்கு, தான் டீச்சர் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சந்தோஷப்படுவதா ஆத்திரப்படுவதா என்று தெரியாமல் எழுந்துபோய்ப் பாயைச் சுருட்டினாள்.

மறுநாள் காலை முத்துசுப்பிரமணியன் லீவு போட்டு அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்தார். என்ன மாயம் செய்தாய் என்று கோமுவைக் கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பேச்சித்தாய் வந்தாள். பின்னாலேயே விரதக்காரியும், நேரமில்லாதவளும் வந்தார்கள். மூன்று பேரும் வாசலில் நின்றுகொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் இருந்தார்கள்.

"ஒங்க மதினி போவும்போது சொல்லிட்டுப் போனாவ," என்றாள் பேச்சித்தாய். "ஒங்ககிட்ட வந்தா முதுகுவலிக்கு நல்லதாம்லா."

"முதுகுவலியா? ஒனக்கு எப்பம் வலிக்கும்?"

பேச்சித்தாய் நிலைப்படியைப் பார்த்தாள். "தும்முனா வலிக்கும்."

"எனக்கும் அப்படித்தான்," என்றாள் விரதக்காரி. "சிரிச்சாலும் வலிக்கு."

கோமு அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷனைக் கடைக்குப் போகச் சொன்னாள். எதற்கு, என்ன வாங்க என்று அவர் கேட்டதற்கு, எதையாவது வாங்குங்கள், ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள் என்றாள். கதவைச் சாத்தும்போது போன் அடித்தது. மீனு. குரல் வெளியே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"அத்தை, அம்மா வந்து சேந்துட்டா. வந்ததும் வராததுமா ஒங்களுக்குப் போன் போடுன்னு ஒரே பிடிவாதம். பஸ்ல நாலு தடவை தும்முனாளாம், அதைச் சொல்லணுமாம். என்ன கோட்டித்தனம் அத்தை இது? வயித்துல பிள்ளை அசையுதான்னு கேக்கலை, எனக்கு எப்பிடி இருக்குன்னு கேக்கலை. தும்முனதை ஊர் ஊராச் சொல்லிக்கிட்டா இருப்பாவ?"

"நாலா?" என்றாள் கோமு. "நல்லாக் கேளு. நாலுதானா?"

"நாலுதானாம். சிரிக்கா வேற."

போனை வைத்துவிட்டுக் கோமு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மூன்று பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பேச்சித்தாய்தான் கேட்டாள்.

"அவாளுக்கும் முதுகுதானா?"

"ஆமா, முதுகுதான்," என்றாள் கோமு.